டெலிபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொருத்தம்

அஸ்தினாபுரத்தில் ஏகநாதன் குடியிருந்த தெருவில், அவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக யாரும் சும்மா இருந்துவிடவும் இல்லை. லைப்ரரியில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர் என்பது பால் பூத் வரிசையின் கட்சி. ராக்கெட் சம்பந்தமான ரகசிய வேலை, அதனால்தான் மனுஷன் சிரிப்பதே இல்லை என்பது கோடி வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரின் கட்சி. மாடிப் போர்ஷனில் அவரைக் குடிவைத்திருந்த வீட்டுக்காரி சாமுண்டீஸ்வரி இரண்டு கட்சியிலும் சேராமல், அவர் கசக்கிப் போட்ட வரைபடத் தாள்களைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து நீவிப் பார்த்தாள். ஏறுகிற கோடு, இறங்குகிற கோடு, நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற கோடு. நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற குடும்பம் அவளுடையது. எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அவளுக்கு விலைதான் ஞாபகம் வரும். ஷேர் பிசினஸ் என்று முடிவு கட்டினாள்.

சரி, பெண்டாட்டிக்காவது தெரியாதா என்று காந்திமதியைக் கேட்டால், "கலர் கலரா அட்டை அடுக்குவார் அக்கா. சாயங்காலம் தலைவலியோட வருவார். வேறென்ன" என்பாள்.

அட்டை அடுக்குவது உண்மைதான். கிண்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், உலகத்தில் எந்தத் தொழில்நுட்பம் வளர்கிறது, எது தேய்கிறது, எது எதோடு போய்ச் சேரப்போகிறது என்று கவனித்துச் சொல்வது அவருடைய பிரிவின் வேலை. பிரிவு என்றால் அவரும், மெட்டில்டா என்ற உதவியாளரும், சுவர் முழுக்க மரப்பெட்டிகளும். வெளிநாட்டு ஆய்வுப் பத்திரிகைகள் கப்பலேறி ஆடி அசைந்து வந்து சேரும். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் முக்கியமான சொற்களைப் பிடித்து, சொல்லுக்கு ஒரு வெள்ளை அட்டை எழுதி அந்தந்தச் சொல்லின் பெட்டியில் போட வேண்டும். ஒரே கட்டுரையில் இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தால் அந்த ஜோடிக்கு ஒரு மஞ்சள் அட்டை. வருஷக் கடைசியில் எண்ணுவார்கள். வெள்ளை அட்டை கூடினால் அந்தத் துறை வளர்கிறது. மஞ்சள் அட்டை கூடிக்கொண்டே போனால் இரண்டு துறைகள் நெருங்குகின்றன, கொஞ்ச காலத்தில் ஒன்றாகிவிடும். இதைக் கோடாக வரைந்து மேலே அனுப்பினால் மேலே இருப்பவர்கள் பார்த்துவிட்டு டீ குடிப்பார்கள்.

எண்பதுகளின் நடுவிலிருந்தே ஏகநாதனுக்கு ஒரு கோட்டின் மேல் கண். டெலிபோனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து வரும் மஞ்சள் அட்டைகளின் கோடு. ஆரம்பத்தில் தரையோடு தரையாகக் கிடந்தது. பிறகு வருஷா வருஷம், அடம்பிடிக்காமல், ஒரே சீராக ஏறிவந்தது. இந்தக் கோட்டை யாராவது மதித்து, நிலையத்தின் பத்தாண்டுத் திட்டத்தில் சேர்த்து, இதற்கென்று ஒரு பிரிவு தொடங்க வேண்டும். மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. காந்திமதி மிக்ஸி கேட்டபோதுகூட அவர் அந்தக் கோட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனதுதான் முதல் வினை. குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் சாமுண்டீஸ்வரியின் பிள்ளை சம்பத் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கூடவே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கவும் ஆர்டர் பிடிப்பான். கண்ணாடி ஷோகேஸில் பிள்ளையார் படம் போட்ட மாதிரிப் பத்திரிகைகள் தொங்கும்.

"இன்னா சார் இது, ஒரு கோடு மல ஏறிகினே போவுது?" என்றான் சம்பத், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் ஏகநாதன். கடையில் இன்னும் இரண்டு பேர் நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இது டெலிபோன், இது கம்ப்யூட்டர். ரெண்டும் வேற வேறயா இருந்தது. இப்ப பத்திரிகையில ரெண்டு பேரும் சேர்ந்தே வருது சம்பத். ஒவ்வொரு வருஷமும் ஜாஸ்தியாகுது. இன்னும் பத்து வருஷத்துல ரெண்டும் ஒண்ணாயிடும்."

அவர் சொன்ன பத்திரிகை ஆய்வுப் பத்திரிகை. ஷோகேஸுக்குப் பின்னால் நின்றவனுக்குத் தெரிந்த பத்திரிகை வேறு.

"பத்திரிகைல ரெண்டு பேரு பேரும் சேந்து வந்துட்டா அப்பால கல்யாணம்தான் சார். இதுக்கு எதுக்கு கோடு? முகூர்த்தம் எப்போன்னு போட்டுக்கீதா?"

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலை."

"நானும்தான் சொல்லல. எங்கப்பா போனுக்கு எழுதிப் போட்டாரு. அவரே போய்ச் சேந்துட்டாரு, போன் வர்ல. பொண்ணு இன்னும் வூட்டுக்கே வர்ல, நீங்க அதுக்கு மாப்பிள்ள பாத்துகினு கீறீங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். ஏகநாதன் தாளைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். மஞ்சள் அட்டை என்று ஒன்று இருப்பதும் காந்திமதி வாயிலாக வெளியே வந்துவிட, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவாராம் என்று தெருவில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் பொருத்தம் சார். சாமுண்டீஸ்வரி நேரிலேயே கேட்டுவிட்டாள்: "ஏன் சார், இந்த மெஷினுக்கெல்லாம் பாக்கறீங்களே, எங்க சம்பத்துக்கு ஒரு நல்ல பொண்ணா அந்தப் பெட்டில இருந்தா எடுத்துக் குடுங்களேன்."

ஏகநாதன் மாடியேறிப் போய்விட்டார். அன்றைக்கும் தலைவலி.

வெளியே இப்படி என்றால், ஆபீஸில் அவர் ராஜா. அங்கே அவர் போட்டதுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. மெட்டில்டாவுக்கு முன்னால் தனக்கோடி என்று ஒருவர் உதவியாளராக இருந்தார். கவிதை எழுதுகிறவர். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் உள்ளே இறங்கிப் பார்த்துவிடுவார். கம்ப்யூட்டரின் 'மெமரி' பற்றிய கட்டுரைகளை மனோதத்துவப் பெட்டியில் சேர்த்தார். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் 'செல்' எல்லாம் ரத்த அணுக்களோடு போய்ப் படுத்தன. அதைப் பிரித்தெடுக்க ஒரு மழைக்காலம் முழுதும் போயிற்று. தனக்கோடி வேறு பிரிவுக்கு மாற்றலான மறுநாளே ஏகநாதன் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: 'சொல்லைப் பார். அர்த்தம் பார்க்காதே. சந்தேகம் வந்தால் என்னைக் கேள்.'

மெட்டில்டா சந்தேகம் வந்து கேட்கத்தான் செய்தாள். பொழிச்சலூரிலிருந்து பஸ்ஸில் பல்லாவரம் வந்து ரயிலேறி வருகிறவள், வேலையில் ஒழுங்கு. அவள் வந்து நின்ற நேரம்தான் சரியில்லை. ஏகநாதன் தன் செல்லக் கோட்டை மசியில் இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்கேலுக்கு அடியில் மசி இறங்கி, டெலிபோனும் கம்ப்யூட்டரும் நெருங்குகிற முக்கியமான இடத்தில் ஒரு பெரிய கறுப்புக் குளம்.

"சார், ஒரு டவுட்டு. இந்தக் கட்டுரையில வைரஸ்னு போட்டிருக்கு..."

"போட்டிருந்தா வைரஸ் பெட்டில போடு."

"இல்ல சார், இதுல யாருக்கும் ஜுரம் வந்த மாதிரி தெரியலை. அதான்."

"மெட்டில்டா, சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்துப் படித்தாள். "சொல்லைப் பார். அர்த்தம் பார்க்காதே."

"அப்புறம் என்ன?"

மூன்றாவது வரியை அவளும் படிக்கவில்லை, அவரும் படிக்கச் சொல்லவில்லை. அவர் உறிஞ்சுதாளைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் போய் வைரஸ் பெட்டியைத் திறந்து, அம்மை, காமாலை, இன்ஃப்ளூயன்ஸாவுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டுரையையும் குடிவைத்தாள். கட்டுரையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லும் இருந்ததால் சட்டப்படி ஒரு மஞ்சள் அட்டையும் எழுதினாள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட கட்டுரைகள் அடுத்தடுத்து வர ஆரம்பித்தன. மறுபடி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்கென்ன தலையெழுத்தா?

எண்பத்தொன்பதாம் வருஷம் பத்தாண்டுத் திட்டம் வந்தது. டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது, கோடுகளைப் பார்த்து எந்தப் புதுப் பிரிவு தொடங்கலாம் என்று முடிவுசெய்யும் என்று சுற்றறிக்கை. ஏகநாதன் தன் கோட்டைத் தானே வரைந்தார், மசி கொட்டாமல். மற்றதையெல்லாம் மெட்டில்டாவை வரையச் சொல்லி, கட்டாகக் கட்டி, தன்னுடையதை மேலாக வைத்து, இயக்குநர் தயாளன் அறைக்கு எடுத்துப் போனார்.

தயாளன் மேடை பார்த்த மனிதர். மைக் இல்லாத இடத்திலும் தொண்டையைச் சரிசெய்துகொண்டுதான் பேசுவார். மேலாக இருந்ததைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"வாட் இஸ் திஸ் ஏகநாதன்? இது செங்குத்தா ஏறுது?"

ஏகநாதன் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர், வைரஸ். கோடு ஒரு வருஷத்தில் தாளின் உச்சிக்குப் போய், இடம் போதாமல் மெட்டில்டா மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தாள்.

"எனக்கே இப்பதான்... பார்த்துச் சொல்றேன் சார். ஆனா இந்த டெலிபோன் கோடுதான் சார் முக்கியம். சீரா ஏறியிருக்கு பாருங்க."

"டெலிபோன் வேற டிபார்ட்மென்ட் சமாச்சாரம். நாம எதுக்குத் தலையைக் குடுக்கணும்? இதைப் பாருங்க. உயிரியலும் கம்ப்யூட்டரும். நோயும் மெஷினும். எப்படிப்பட்ட சேர்க்கை. யூ ஹேவ் காட் சம்திங் ஹியர்." துண்டுத் தாளை விரலால் தடவினார். அப்போதே பேச்சின் முதல் பாரா தயாராகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

ஏகநாதன் கீழே வந்து மஞ்சள் அட்டைகளை உருவி, ஒவ்வொன்றுக்கும் உரிய பத்திரிகையை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தார். மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. முதல் கட்டுரையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஏதாவது ஒன்றிலாவது யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்காதா என்ற நப்பாசையில் கடைசி வரை படித்தார். ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. இது பிளாப்பி வழியாகவும் ஒயர் வழியாகவும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொள்ளும் கள்ளத்தனமான ப்ரோகிராம். எவனோ விளையாட்டுக்கு அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்துவிட்டான். உயிரியலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"நான் அன்னிக்கே கேட்டேனே சார்" என்றாள் மெட்டில்டா.

அவர் சுவரைப் பார்த்தார். மூன்றாவது வரி அங்கேயேதான் இருந்தது.

இப்போது சொன்னால் கோடுகள் அத்தனையின் மேலும் சந்தேகம் விழும். டெலிபோன் கோடும் கூடவே போகும். சொல்லாவிட்டால் டெலிபோன் கோடு எப்படியும் போகத்தான் போகிறது. இரண்டு வழியிலும் நஷ்டம் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லப் போகிறவர்கள் அந்த நிலையத்தில் குறைவு. மறுநாள் காலை போய்ச் சொல்லிவிட்டார்.

தயாளன் நிதானமாகக் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஏகநாதன், பத்திரிகை அடிச்சு எல்லாருக்கும் அனுப்பியாச்சு. என் பேச்சோட தலைப்பு அதுல இருக்கு. இப்ப வந்து பொருத்தம் சரியில்லைங்கிறீங்க."

"ஒரே சொல்தான் சார், ஆனா ரெண்டு அர்த்தம்."

"உங்க ரூல் என்ன? அர்த்தம் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க? நான் ரவுண்ட்ஸ் வரும்போது பார்த்திருக்கேன். ரொம்ப நல்ல ரூல்."

"அது உதவியாளருக்கு எழுதினது சார்."

"அதோட, ஒண்ணு கேக்கறேன். எதுக்காக அவன் அதே சொல்லை வெச்சான்? ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கப்போய்த்தானே வெச்சான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரை ரயிலில் நின்றுகொண்டே யோசித்தார். பல்லாவரத்தில் ஒரு நல்ல பதில் தோன்றியது. பல்லாவரத்தில் தோன்றி யாருக்கு என்ன லாபம்?

டெல்லிக் குழு வந்தது. தயாளன் பேசினார், செங்குத்தான கோடு திரையில் ஆளுயரத்துக்கு நின்றது. குழுவின் தலைவர் ஒரு பெரியவர், நல்ல மாதிரி. பேச்சு முடிந்ததும், இந்தக் கோட்டை வரைந்தவர் யார் என்று கேட்டார். தயாளன் பெருந்தன்மையோடு கடைசி வரிசையைக் காட்ட, ஏகநாதன் எழுந்தார். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

"சார், இந்தக் கோட்டில் ஒரு தவறு இருக்கிறது" என்று இங்கிலீஷில் தொடங்கினார்.

"மிஸ்டர் ஏகநாதன் இஸ் எ வெரி மாடஸ்ட் மேன்" என்றார் தயாளன். அவையில் மெல்லச் சிரிப்பு. இரண்டு பேர் கைதட்டினார்கள். கைதட்டு என்பது கொட்டாவி போல, பக்கத்துக்குப் பரவும். எல்லோரும் தட்டினார்கள்.

அது அடங்கியதும், வைரஸை விட்டுவிட்டு டெலிபோனையாவது காப்பாற்றலாம் என்று ஏகநாதன் தன் தாளை உயர்த்திப் பிடித்து அவசர அவசரமாகச் சொன்னார். டெலிபோனும் கம்ப்யூட்டரும் ஒன்று சேரப்போகின்றன, நாம் இப்போதே ஆரம்பித்தால் முன்னால் நிற்கலாம் என்றார். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, மேஜை ஓரத்தில் இருந்த டெலிபோனைச் சுட்டிக்காட்டினார். காலையிலிருந்து டெல்லிக்கு ஒரு டிரங்க் கால் போட்டுக் காத்திருக்கிறேன், முதலில் இது என் பெண்டாட்டியோடு சேரட்டும், கம்ப்யூட்டரோடு அப்புறம் சேரலாம் என்றார். அவை வயிறு குலுங்கச் சிரித்தது. சம்பத்தும் இந்த மனுஷனும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்களோ என்று ஏகநாதனுக்குத் தோன்றியது.

புதுப் பிரிவு தொடங்கினார்கள். உயிரியலுக்கும் கணினிக்கும். அதன் தகவல் பொறுப்பு ஏகநாதனுக்கு, பதவி உயர்வோடு. பதவி உயர்வுக்குத் தகுந்தபடி வீட்டுக்கு ஆபீஸ் செலவில் டெலிபோன்.

தெருவுக்கே அது முதல் டெலிபோன். சாமுண்டீஸ்வரி தன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நம்பரைக் கொடுத்தாள். பால் பூத் வரிசை கொடுத்தது. ஹெட்மாஸ்டர் லெட்டர் பேடிலேயே அச்சடித்துக்கொண்டார். ஏகநாதன் சாப்பாட்டில் கை வைத்தால் மணி அடிக்கும். எச்சில் கையோடு பால்கனிக்குப் போய், யாருக்குப் போன் என்று தெருவைப் பார்த்துக் கூவ வேண்டும். டெலிபோன் பற்றி அவர் சொன்னதை இந்த வையகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. டெலிபோனுக்காக அவர் கூப்பிட்டதைத் தெருவே கேட்டது.

போன் எப்படி வந்தது என்று விசாரித்தவர்களிடம் காந்திமதி பெருமையாகச் சொன்னாள்: "அவர் ஒரு வைரஸைக் கண்டுபிடிச்சார் அக்கா. டெல்லி வரைக்கும் போயிடுச்சு."

பொருத்தம் சார் என்ற பெயர் அன்றோடு போய், வைரஸ் சார் ஆனார். குழந்தைக்கு ஜுரம் என்றால் மாடியேறி வந்தார்கள். மெட்ராஸ் ஐ பரவிய வருஷம் சாமுண்டீஸ்வரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னா சார், டெல்லி வரிக்கும் அனுப்பி வெச்சீங்க. அங்கேந்து திரும்பிடுச்சு போலக்கீது. சொட்டு மருந்து எதுனா சொல்லுங்க."

"அம்மா, நான் டாக்டர் இல்லை. அந்த வைரஸ் வேற, இந்த வைரஸ் வேற."

"தோ பாரு சார், பேரு ஒண்ணுதான?"

தயாளன் கேட்ட அதே கேள்வி. பல்லாவரத்தில் தோன்றிய பதில் அவருக்கு மறந்தே போயிருந்தது.

இதோடாவது விட்டதா? தொண்ணூறுகளின் நடுவில், உயிரியலும் கம்ப்யூட்டரும் நிஜமாகவே சேர ஆரம்பித்தன. மரபணுக்களின் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படிக்கிறார்களாம். அதற்குத் தனிப் படிப்பு, தனிப் பத்திரிகை. தயாளனுக்குத் தீர்க்கதரிசி என்று சால்வை போர்த்தினார்கள். தப்பாகப் போட்ட அட்டையிலிருந்து சரியான விடை வந்துவிட்டது. மெட்டில்டா கேக் வாங்கிவந்து, "பாத்தீங்களா சார், நம்ம பெட்டி தப்பே பண்ணாது" என்றாள். ஏகநாதன் தன் பங்குக் கேக்கை அவள் பக்கமே தள்ளிவைத்தார். தப்பு தப்பாகவே இருந்திருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார்.

ரிட்டயர் ஆன வருஷம், தொண்ணூற்றெட்டு. இதற்குள் சம்பத்தின் கடையைப் பார்க்க வேண்டுமே. ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வந்தது, அப்புறம் ஃபாக்ஸ், அப்புறம் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை டிசைன். ஏகநாதன் பெட்டி பெட்டியாக எண்ணிக் கோடு போட்டுச் சொன்ன அத்தனையையும் சம்பத் ஒரு கோடும் போடாமல் பத்துக்குப் பத்து அறையில் கொண்டுவந்து குவித்தான். ஒருநாள் மாடியேறி வந்தான், கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"சார், உங்களுக்கு ஒரு புது மேட்டர் சொல்றேன், யாருக்கும் தெரியாது. போனும் கம்ப்யூட்டரும் ஒண்ணா சேந்துடுச்சு. இன்டர்நெட்டுன்னு பேரு. நாளைக்கு நம்ம கடைல தொறக்கறேன்."

ஏகநாதன் அவனையே பார்த்தார். "சம்பத், இதை நான் உன் கடையில நின்னு உன்கிட்டயே சொன்னேன். பத்து வருஷத்துக்கு முன்னால."

"நீங்களா?" சம்பத் உண்மையாகவே யோசித்தான். "இல்ல சார். அது யாரோ பொருத்தம் பாக்கறவரு. நீங்க வைரஸ் ஆச்சே."

காந்திமதி ஸ்வீட் பாக்ஸை வாங்கி உள்ளே வைத்தாள்.

கடை திறந்து ஒரு வாரம் ஆகியிருக்காது, சம்பத் மறுபடி ஓடிவந்தான். இந்தத் தடவை கை வெறுங்கை.

"சார், ஒரே பேஜாரா பூட்ச்சு. மெஷினுக்கு வைரஸ் வந்துகீதாம். எவனோ அனுப்பின படத்தத் தொறந்தேன், அப்பால எழுத்தெல்லாம் தானா கொட்டிகினே கீது. உங்கள வுட்டா இந்த ஏரியாவுல யாரு கீறாங்க?"

நான் அந்த வைரஸ் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். எப்போதும் சொல்வதுதான். திறந்த பிறகுதான் உறைத்தது: இந்தத் தடவை அவர் அந்த வைரஸேதான். ஒரு மத்தியானம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்து அத்தனை கட்டுரையும் படித்தவர், அஸ்தினாபுரத்தில் மட்டுமல்ல, தாம்பரம் வரைக்கும் தேடினாலும் அவர் ஒருவர்தான் இருப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில், ஷோகேஸில் இன்னும் பிள்ளையார் பத்திரிகைகள் தொங்கின. கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் ஈசல் மாதிரி உதிர்ந்தன. அதன் முதுகிலிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் கிளம்பி, மேஜைக்கு அடியில் போய், விளக்கு மினுக்கும் ஒரு சின்னப் பெட்டியைத் தொட்டு, சுவரில் இருந்த டெலிபோன் முனைக்குள் நுழைந்திருந்தது. ஏகநாதன் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கோடு. அன்றைக்குக் கறுப்பு மசியில், குளம் கட்டாமல், சீராக இழுத்த அதே கோடு. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

"இன்னா சார், ரொம்ப மோசமா கீதா?"

"முதல்ல ரெண்டையும் பிரிக்கணும்" என்றார். "சேர்ந்திருக்கிற வரைக்கும் அது மேல மேல தொத்திக்கிட்டே இருக்கும்."

"நீங்களே பிரிச்சுடுங்க சார். எனக்குக் கை வராது."

தரையில் மண்டிபோட்டு, ஒயரைப் பிடித்து, கிளிப்பை அழுத்தி இழுத்தார். முதலில் வரவில்லை. சம்பத் நல்ல இறுக்கமாகத்தான் சேர்த்திருந்தான். இரண்டாவது தடவை கழன்றது. பெட்டியின் விளக்குகள் அணைந்தன. சுவர் முனையில் பழைய டெலிபோனின் ஒயரைத் திரும்பச் செருகியதுதான் தாமதம், அது அலற ஆரம்பித்தது.

எடுத்தால், சாமுண்டீஸ்வரி. அவர் வீட்டிலிருந்து, அவர் போனிலிருந்துதான் பேசுகிறாள்.

"டேய் சம்பத்து, எவ்ளோ நேரமா அடிக்கிறேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது. யாருடா பேசிகினு இருந்தது?"

"நான் ஏகநாதன் பேசறேன்மா. யாரும் பேசலை. ரெண்டு பேரும் சேர்ந்திருந்தாங்க. இப்பதான் பிரிச்சு வெச்சேன்."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "யார சார் பிரிச்சீங்க?"

அவர் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினார். டெலிபோன், கம்ப்யூட்டர், வருஷா வருஷம் ஏறிய மஞ்சள் அட்டை, எல்லாவற்றையும். பாதியில்தான் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டது தெரிந்தது.

அவர் வீடு திரும்புவதற்குள் தெருவுக்கு விஷயம் வந்துவிட்டது. வைரஸ் சார் இன்றைக்குச் சம்பத் கடைக்குப் போய், நன்றாகச் சேர்ந்திருந்த ஒரு ஜோடியைப் பிரித்துவைத்துவிட்டார். பார்க்கத்தான் சாது. எந்த வீட்டு ஜோடி என்பதில் மட்டும் இரண்டு கட்சி இருந்தது.